ஏழு எழுத்துத் தொழிற்சாலை: லியோன் நகரில் பிறந்த லாரியின் கதை

1968-ம் ஆண்டு மே மாதம். பிரான்ஸ் முழுவதும் வேலைநிறுத்தம். லியோன் நகரை ஒட்டிய வெனிசியூ என்ற ஊரில், ஒரு பெரிய லாரித் தொழிற்சாலையைத் தொழிலாளர்கள் தங்கள் கைக்குள் கொண்டுவந்திருந்தார்கள். வாசலில் நிறுவனத்தின் பெயர் பெரிய பெரிய எழுத்துகளில் மாட்டப்பட்டிருந்தது. ‘பெர்லியே’. அவர்கள் அந்த எழுத்துகளை உடைக்கவில்லை. கழற்றி, வரிசையை மாற்றி, மறுபடி மாட்டினார்கள். இப்போது அது ‘லிபெர்தே’ ஆகிவிட்டது. பிரெஞ்சு மொழியில் அதற்குச் சுதந்திரம் என்று அர்த்தம்.

பிரெஞ்சில் இரண்டு சொல்லுக்கும் ஏழே எழுத்து, அதே ஏழு எழுத்து. ஒன்று முதலாளியின் குடும்பப் பெயர். மற்றொன்று தொழிலாளிகள் கேட்டது. இந்தத் தொழிற்சாலை யாருடையது என்று அந்த ஊரில் பல பத்தாண்டுகளாக நடந்த வழக்கு, அந்த வாசலில் ஒரே பலகைக்குள் அடங்கிவிட்டது.

இன்று எந்தப் புது லாரியின் முகப்பிலும் ‘பெர்லியே’ என்ற பெயர் கிடையாது. 1980-ம் ஆண்டோடு அது நின்றுபோனது. ஆனால் லியோனில் இறங்கி நடந்தால், அந்தப் பெயரைத் தொடாமல் அரை நாள்கூடச் சுற்ற முடியாது. ஒரு மாளிகை, ஒரு குடியிருப்பு, ஒரு தொழிற்பேட்டை என்று நகரத்தின் கிழக்குப் பக்கம் முழுக்க அது சிதறிக் கிடக்கிறது.

பட்டு நகரத்துப் பையன்

லியோன் என்றால் உலகத்துக்குப் பட்டு. ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே எழும் க்ருவா ரூஸ் என்ற குன்றுதான் நெசவாளர்களின் இடம். அங்குள்ள வீடுகளின் கூரை வழக்கத்தைவிட உயரம். காரணம், உயரமான ஜக்கார்டு தறி உள்ளே நிற்க வேண்டும். அந்தத் தறியை உருவாக்கிய ஜக்கார்டும் இதே லியோன்காரர்தான். கூலிக்காக 1831-லும் 1834-லும் நெசவாளர்கள் நடத்திய கிளர்ச்சிகள் ஐரோப்பியத் தொழிலாளர் வரலாற்றின் முதல் பக்கங்களில் இருக்கின்றன. ஆக, இயந்திர மூளையும் உரிமைக் குரலும் இந்த ஊருக்குப் புதிதல்ல.

இந்த ஊரில் 1866-ல் பிறந்தவர் மாரியஸ் பெர்லியே. குடும்பத் தொழில், தொப்பியின் உள்பக்கம் தைக்கும் சாட்டின் துணி. பையனும் அதே தொழிலுக்குத்தான் வந்தார். ஆனால் துணியைவிட அதை நெய்யும் இயந்திரத்தின் மீதுதான் அவருக்குக் கண். மாலை வகுப்புகளில் இயந்திரவியல் படித்தார். 1890-களின் நடுவில், ஒற்றை சிலிண்டர் இன்ஜின் வைத்து ஒரு காரைத் தானே செய்துவிட்டார். வீட்டாருக்கு அது வேண்டாத வேலையாகத்தான் பட்டிருக்கும். அவர் விடவில்லை.

லியோன் மெட்ரோவின் ‘டி’ தடத்தில் ரயிலுக்கு டிரைவர் கிடையாது. எல்லாம் தானியங்கி. அதில் ஏறினால் மோன்ப்ளெசீர் லூமியேர் என்று ஒரு நிலையம் வரும். லூமியேர் சகோதரர்கள் 1895-ல் தங்கள் தொழிற்சாலை வாசலில் தொழிலாளர்கள் வெளியே வருவதைப் படம் பிடித்தது இந்தப் பகுதியில்தான். சினிமா பிறந்த பேட்டையிலேயே, 1902-ல், மாரியஸ் பெர்லியே வேறொரு கார்ப் பட்டறையை வாங்கித் தன் தொழிலைப் பெரிதாக்கினார்.

அதிர்ஷ்டம் கடல் தாண்டி வந்தது. 1905-ல் அமெரிக்காவின் பெரிய ரயில் இன்ஜின் நிறுவனம் ஒன்று, பெர்லியே கார்களைத் தன் நாட்டில் செய்துகொள்ள உரிமை கேட்டது. விலை 5 லட்சம் தங்க பிராங்க். பட்டறை தொழிற்சாலையானது அந்தப் பணத்தில்தான். நன்றிக்கடனோ, விளம்பர யோசனையோ, ஒரு அமெரிக்க ரயில் இன்ஜினின் முகப்பையே தன் சின்னமாக வைத்துக்கொண்டார் மாரியஸ். தண்டவாளத்தில் நிற்கும் மாட்டை ஒதுக்கித் தள்ளும் இரும்புக் கூடு வரை அதில் இருந்தது. தண்டவாளத்தையே பார்க்காத லாரிகள், அதன் பிறகு 70 ஆண்டுகளுக்கு மேல் ரயில் முகத்தோடு ஓடின.

14 நொடிக்கு ஒரு வண்டி

பெர்லியே என்ற பெயரைப் பிரான்ஸ் முழுவதும் கொண்டுபோனது கார் அல்ல, ஒரு லாரி. அதைப் புரிந்துகொள்ள லியோனை விட்டு வடக்கே, வெர்டன் என்ற ஊருக்குப் போக வேண்டும்.

1916 பிப்ரவரி 21. முதல் உலகப்போரில் ஜெர்மன் படை வெர்டன் கோட்டை நகரத்தைத் தாக்கத் தொடங்கியது. நகரத்துக்குப் போகும் பெரிய ரயில் பாதைகள் அறுந்துபோயிருந்தன, அல்லது பீரங்கி எட்டும் தூரத்தில் இருந்தன. மிஞ்சியது ஒரு குறுகிய ரயில் பாதையும், பார்-ல-டுக் என்ற ஊரிலிருந்து வரும் 70 கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள ஒரு சாதாரண நாட்டுச் சாலையும்தான். பல லட்சம் வீரர்களுக்கு ஆள், குண்டு, ரொட்டி எல்லாம் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

அந்தச் சாலையில் குதிரை வண்டிக்கும் நடைக்கும் தடை. லாரி மட்டும்தான். இரவு பகலாகச் சராசரியாக 14 நொடிக்கு ஒன்று. பழுதாகி நின்ற வண்டியைச் சரிசெய்ய யாரும் காத்திருக்கவில்லை. ஓரமாகப் பள்ளத்தில் தள்ளிவிட்டு வரிசை நகர்ந்தது. காற்றடைத்த டயர் அல்ல, கெட்டி ரப்பர் சக்கரம். அது சாலையை அரைத்துத் தள்ளியது. பக்கத்திலேயே கல் வெட்டி, ஓடும் லாரிகளின் சக்கரத்துக்கு முன்னால் ஜல்லியை வாரி இறைத்துக்கொண்டே இருந்தார்கள் வயது முதிர்ந்த படைவீரர்கள். மேலே போகும் லாரிகளே ரோடு ரோலர் வேலையையும் பார்த்தன.

அந்த வரிசையில் பல நிறுவனங்களின் வண்டிகள் இருந்தன. ஆனால் படைவீரர்களின் நினைவில் நின்றது பெர்லியேயின் ‘சிபிஏ’. சுமார் 4 டன் சுமை இழுக்கும் லாரி. பின்சக்கரத்துக்கு சைக்கிள்போல செயின் வழியாகத்தான் விசை போகும். வேகம் அதிகமில்லை, மணிக்கு 30 கிலோமீட்டரைத் தொட்டால் பெரிது. ஆனால் எளிமையான கட்டுமானம். அடித்து ஓட்டினாலும் தாங்கும். போர் முடிவதற்குள் பிரெஞ்சுப் படைக்கு ஏறத்தாழ 25,000 சிபிஏ லாரிகள் போயின. உச்சத்தில் ஒரு நாளைக்கு 40 லாரி. இது போக, ரெனோ வடிவமைத்த சிறு டாங்கிகளும் இங்கே தயாராயின.

அந்தச் சாலைக்குப் பிறகு ‘புனிதப் பாதை’ என்று பெயர் வந்தது. இன்றும் அதன் கிலோமீட்டர் கல் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு போர்வீரனின் தொப்பி செதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. சாலையின் அரசாங்க எண்ணிலேயே 1916 சேர்ந்துவிட்டது.

வயல்வெளியில் ஒரு ஊர்

ஒரு நாளைக்கு 40 லாரி செய்ய மோன்ப்ளெசீர் பட்டறை எப்படிப் போதும்? போர் நடந்துகொண்டிருக்கும்போதே மாரியஸ், வெனிசியூவுக்கும் சென் பிரியெஸ்டுக்கும் நடுவே 400 ஹெக்டேர் அளவுக்கு நிலம் வாங்கினார். கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர். அன்று அது வெறும் வயல். அங்கே உலைக்கூடமும் பட்டறைகளும் நீளநீளமான கொட்டகைகளாக எழுந்தன. இரும்பை உருக்குவது முதல் லாரியை ஓட்டிப் பார்ப்பது வரை ஒரே வளாகத்தில் நடக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. வெளியாரை நம்புவது அவருக்குப் பிடிக்காது.

ஊருக்கு வெளியே தொழிற்சாலை என்றால் ஆள் எங்கே தங்குவது? 1917 முதல் அங்கேயே ஒரு குடியிருப்பு கட்டப்பட்டது. ‘சித்தே பெர்லியே’ என்று பெயர். பெர்லியே குடியிருப்பு என்று சொல்லலாம். வீட்டுக்கு வீடு தோட்டம், பள்ளிக்கூடம், கடைகள், விளையாட்டு மைதானம். காய்கறிக்கும் பாலுக்கும் பண்ணைகூட உண்டு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வேலை கொடுப்பவரும் அவரே, வீட்டுக்காரரும் அவரே. வேலை போனால் வீடும் போகும். சங்கத்தில் சேரும் முன் ஒரு தொழிலாளி இரண்டு முறை யோசிப்பார். 1930-களின் வேலைநிறுத்தங்களின்போது மாரியஸ் எளிதில் இறங்கி வராத முதலாளி என்று பெயரெடுத்தார். தன் கையால் கட்டிய இடத்தில் தன்னைக் கேட்க யார் என்ற எண்ணம் அவருக்கு. தங்கள் கையால் தினமும் லாரி கட்டுபவர்களுக்கும் அதே எண்ணம் இருக்கத்தானே செய்யும்?

மாரியஸின் சொந்த வீடு இந்தப் பக்கம் இல்லை. நகருக்குள் மோன்ஷா என்ற அமைதியான பகுதியில், போருக்கு முன்பே கட்டி முடித்த மாளிகை அது. கொடிபோல வளையும் கோடுகளும் வண்ணக் கண்ணாடியுமாக, அந்தக் காலத்தில் ‘புதிய கலை’ என்று கொண்டாடப்பட்ட பாணி. மர வேலை மஜோரெல், கண்ணாடி வேலை குரூபெர் என்று அந்தப் பாணியின் பெரிய கலைஞர்களே செய்தது. கறாரான இரும்பு வியாபாரி இப்படி ஒரு வீட்டில் வாழ்ந்தார் என்பது பார்ப்பவர்களுக்கு ஆச்சரியமாகவே இருக்கும்.

தன் லாரியே தனக்குப் போட்டி

போர் முடிந்ததும் விசித்திரமான ஆபத்து வந்தது. படைக்கு இனி லாரி தேவையில்லை. கையில் இருந்த ஆயிரக்கணக்கான லாரிகளை அரசு மலிவு விலைக்கு விற்கத் தொடங்கியது. அவற்றில் பெர்லியே லாரிகளும் ஏராளம். உழைத்துத் தேயாத சிபிஏ, பழைய விலையில் கிடைக்கும்போது புதிய சிபிஏவை யார் வாங்குவார்கள்? கூடவே, போருக்குப் பிந்தைய புதிய கார் மாடலிலும் தரக் குறைபாடு. 1921-ல் நிறுவனம் கடனில் மூழ்கியது. நிர்வாகம் வங்கிகளின் பிடிக்குள் போனது.

மாரியஸ் அதையும் தாண்டினார். எட்டு ஆண்டு கழித்து, 1929-ல், நிறுவனம் மீண்டும் முழுமையாக அவர் கைக்கு வந்தது. 1930-களில் டீசல் இன்ஜினைப் பிடித்துக்கொண்டார். 1939-ல் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டு லாரி, பஸ் என்று இறங்கினார். வங்கிக்காரர்களிடமிருந்து மீட்டவரால், அடுத்து வந்ததிலிருந்து மீள முடியவில்லை.

முதலாளி இல்லாத ஐந்து ஆண்டுகள்

1940-ல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் விறகையும் கரியையும் எரித்து, அந்தப் புகைவாயுவில் ஓடும் லாரிகளை வெனிசியூ தயாரித்தது. ஜெர்மன் படைக்கும் லாரிகள் போயின. அதனாலேயே 1944 மே மாதம் பிரிட்டிஷ் விமானங்கள் இரவில் வந்து தொழிற்சாலை மீது குண்டு போட்டன.

1944 செப்டம்பர் 3-ம் தேதி லியோன் விடுதலை ஆனது. மறுநாளே மாரியஸ் பெர்லியே கைது. அப்போது அவருக்கு வயது 78. அவர் மகன்களும் சிறை சென்றார்கள். எதிரிக்கு லாரி செய்து கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த ஒரு தொழிற்சாலைக்கு வேறு வழி என்ன இருந்தது என்பது குடும்பத்தின் வாதம். எதிர்ப்பு இயக்கத்தில் உயிரைப் பணயம் வைத்த தொழிலாளிகளுக்கு அந்த வாதம் ஏறவில்லை.

பாரிஸில் இதே குற்றச்சாட்டில் கைதான லூயி ரெனோ விசாரணைக்கு முன்பே இறந்துபோனார். அவர் நிறுவனம் 1945-ல் அரசுடைமை ஆனது. லியோனில் நடந்தது வேறு. புதிய அரசின் பிரதிநிதியாக அங்கே பொறுப்பேற்ற ஈவ் ஃபார்ஜ், தொழிற்சாலையை முடக்கிவைத்து, எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த மார்செல் மோனியே என்ற பொறியாளரை நிர்வாகியாக நியமித்தார். அவரோடு தொழிலாளிகளும் தொழில்நுட்பப் பணியாளர்களும் சேர்ந்து ஆலையை நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு.

பிரான்ஸே திரும்பிப் பார்த்த பரிசோதனை அது. குண்டுவீச்சில் நொறுங்கிய கொட்டகைகள், கூரை இல்லை, மூலப்பொருள் இல்லை. அந்த நிலையில் ஆலையைத் தூக்கி நிறுத்தி லாரியை வெளியே அனுப்பியவர்கள் அவர்கள். பட்டறைக்குப் பட்டறை குழுக்கள் அமைந்தன. வேலையை எப்படி எளிதாக்கலாம், எங்கே வீணாகிறது என்று யோசனை சொன்னது, அதுவரை உத்தரவை மட்டும் கேட்டுப் பழகியவர்கள். மேஸ்திரியைக் கண்டால் தலைகுனிந்தவர்கள் கூட்டத்தில் எழுந்து பேசினார்கள்.

ஆனால் சட்டப்படி அந்த ஆலை யாருடையது? 1946-ல் மாரியஸுக்கு இரண்டு ஆண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பு வந்தது. இருந்தும், அரசுடைமை ஆக்கும் சட்டம் மட்டும் நிறைவேறவே இல்லை. குளிர் யுத்தம் தொடங்கியது. கம்யூனிஸ்டுகளும் மற்ற கட்சிகளும் முட்டிக்கொண்டார்கள். ஆலைக்குள்ளேயே பிளவு வந்தது. கடைசியில், 1949-ல், வழக்கு குடும்பத்துக்குச் சாதகமாகத் திரும்பியது. தொழிற்சாலை மறுபடி பெர்லியே குடும்பத்திடம் வந்து சேர்ந்தது.

மாரியஸ் அதைப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில், கான் நகரில், தன் ஊருக்குத் திரும்ப முடியாத நிலையிலேயே அவர் காலமாகியிருந்தார். வயது 83.

இது நியாயமா, அநியாயமா என்று லியோனில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. ஒரு தரப்புக்கு அது அபகரிப்பு. இன்னொரு தரப்புக்கு அது, தொழிலாளி ஆலையை நடத்திக்காட்டிய பொற்காலம். இரண்டு தரப்புமே மறுக்காத ஒன்று உண்டு: அந்த ஐந்து ஆண்டும் லாரி வெளியே வந்துகொண்டுதான் இருந்தது.

பாலைவனத்தில் ஒரு பூதம்

தந்தைக்குப் பின் பொறுப்பேற்றவர் மகன் பால் பெர்லியே. அவர் காலத்தில்தான் பெயர் உலகம் சுற்றியது. முதலில் சஹாரா.

1956-ல் அல்ஜீரியாவின் ஹாசி மெசாவூதில் எண்ணெய் கிடைத்தது. அன்று அல்ஜீரியா பிரான்சின் பிடியில். விடுதலைப் போரும் நடந்துகொண்டிருந்தது. எண்ணெய்க் கிணறு தோண்டும் கனமான கருவிகளைச் சாலையே இல்லாத மணலில் எப்படிக் கொண்டுபோவது? பெர்லியேயின் பதில் ‘டி100’. பத்தே மாதத்தில் உருவான அந்த லாரி, 1957 அக்டோபரில் பாரிஸ் வாகனக் கண்காட்சிக்கு வந்தபோது உலகிலேயே மிகப்பெரியது என்று பேசப்பட்டது.

நீளம் 15 மீட்டர். அகலம் சுமார் 5 மீட்டர். அதாவது இன்றைய இரண்டு பஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வரும் அகலம். டயரின் உயரம் 2.2 மீட்டர், ஒரு ஆள் கையை உயர்த்தினால்தான் உச்சியைத் தொடலாம். 12 சிலிண்டர், 600 குதிரைசக்தி. கண்காட்சி அரங்கத்துக்குள் அடங்காமல் வெளியே தனி இடம் போட்டார்கள். மொத்தமே நான்கு டி100-தான் செய்தார்கள். ஒன்று மட்டும் பிரான்சிலேயே யுரேனியம் சுரங்கத்தில் மண் அள்ளிக் கொட்டும் வண்டியாக உழைத்தது.

ஆனால் பாலைவனத்தில் உண்மையில் பேர் வாங்கியது இந்தப் பூதம் அல்ல, அதைவிடச் சிறிய ‘கஸெல்’. ஆறு சக்கரத்துக்கும் விசை போகும் லாரி. பெயர் பாலைவன மானுடையது. 1959 நவம்பரில் ஒரு கூட்டம் கஸெல்கள், ஆராய்ச்சியாளர்களையும் ஏற்றிக்கொண்டு அல்ஜீரியாவிலிருந்து கிளம்பின. நைஜர் நாட்டில் இருக்கும் டெனரே என்ற கொடும் மணல்வெளியைக் கடந்து, சாட் நாட்டின் தலைநகரை அடைந்து திரும்புவது திட்டம். போக வர ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். 1960 ஜனவரியில் பயணம் முடிந்தது.

பின்னால் வருபவர்கள் வழி தவறாமலிருக்க, அந்தப் பயணத்தில் எண் போட்ட அடையாளக் கம்பங்களை நட்டுக்கொண்டே போனார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இன்றும் பாலைவனப் பயணிகளின் வரைபடத்தில் ‘பெர்லியே’ என்றே பெயர். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு செடி இல்லாத இடத்தில், லியோன் சாட்டின் வியாபாரி வீட்டுப் பெயர் ஒரு கம்பத்தில் நிற்கிறது!

கை மாறிய கதை

அல்ஜியர்ஸுக்குப் பக்கத்தில் ரூயிபாவில் பெர்லியே கட்டிய தொழிற்சாலை, 1962 விடுதலைக்குப் பின் அல்ஜீரிய அரசின் லாரித் தொழிலுக்கே அடித்தளமானது. 1965-ல் சீனாவோடு ஒப்பந்தம் ஆனது. சோங்சிங் பகுதியில் உருவான சீன ராணுவ லாரியின் முன்னோர் பெர்லியேதான். 1972-ல் போலந்து, பெர்லியேயின் ‘பிஆர்100’ நகரப் பேருந்தைத் தன் நாட்டிலேயே செய்ய உரிமம் வாங்கியது. அதே பஸ் பிரெஞ்சு நகரங்களிலும் ஓடியது. அதன் மின்சார உறவுக்காரனான டிராலிபஸ், தலைக்கு மேல் ஓடும் கம்பியில் மின்சாரம் எடுத்துக்கொண்டு லியோனின் மேட்டிலும் பள்ளத்திலும் பல காலம் ஏறி இறங்கியது.

வெளியே இவ்வளவு பெயர் இருந்தும், உள்ளே பணம் இறுகியது. ஐரோப்பியச் சந்தை திறந்தது, போட்டி பெருத்தது. 1967-ல் சிட்ரோயென் நிறுவனம் பெர்லியேயை வாங்கியது. மறுவருடம்தான் அந்த வாசலில் எழுத்து மாற்றும் வேலை நடந்தது. பிறகு எண்ணெய் நெருக்கடி வந்து சிட்ரோயெனும் ஆட்டம் கண்டபோது, 1974-ல் பெர்லியே ரெனோவிடம் போனது. ரெனோ அன்று அரசு நிறுவனம். 1940-களில் எந்த அரசுடைமைக்காக அத்தனை சண்டை நடந்ததோ, அது 25 ஆண்டு கழித்து, யாரும் கொடி பிடிக்காமல், ஒரு வியாபாரக் கையெழுத்தில் நடந்து முடிந்தது.

ரெனோவிடம் ஏற்கெனவே ‘சாவியெம்’ என்ற லாரி நிறுவனம் இருந்தது. 1978-ல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். 1980-ல் பெர்லியே பெயர் கழற்றப்பட்டது. 2001-ல் சுவீடனின் வால்வோ குழுமம் அந்த லாரித் தொழிலை வாங்கியது. ‘ரெனோ டிரக்ஸ்’ என்று அதற்குப் பெயர். அதன் தலைமையகம் இருப்பது எங்கே தெரியுமா? சென் பிரியெஸ்டில். மாரியஸ் 1916 வாக்கில் வாங்கிப் போட்ட அதே வயல்வெளிப் பக்கத்தில். லாரிகளைப் பூட்டும் தொழிற்சாலை, பெர்லியே 1964-ல் தொடங்கிய பூர்-ஆன்-ப்ரெஸ் ஊரில் இன்றும் ஓடுகிறது. பெயர்தான் போனதே தவிர, வேலை போகவில்லை.

இன்று போனால் என்ன பார்க்கலாம்?

மோன்ஷா மாளிகையில் இப்போது பெர்லியே அறக்கட்டளை இயங்குகிறது. பால் பெர்லியேயும் ரெனோவின் லாரிப் பிரிவும் சேர்ந்து 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. நீதிமன்றம் வரை போன தொழிற்சாலையின் வரைபடங்கள், புகைப்படங்கள், கணக்குப் புத்தகங்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன.

பழைய வண்டிகள் இருப்பது நகருக்கு வடக்கே, ல மோந்தெலியே என்ற கிராமத்தில். நினைத்தபோது டிக்கெட் வாங்கி நுழையும் காட்சிக்கூடம் அல்ல அது, பாதுகாப்புக் கிடங்கு. வெர்டன் சாலையில் ஓடிய வகை சிபிஏ அங்கே உண்டு. சஹாராவிலிருந்து திரும்பி வந்த முதல் டி100-ம் அங்கே நிற்கிறது. இன்னொரு டி100 ஹாசி மெசாவூதிலேயே நினைவுச் சின்னமாக நின்றுவிட்டது.

இவை எதற்கும் நேரமில்லை என்றால், மெட்ரோவில் கடைசி நிலையமான வெனிசியூ வரை போய், அங்கிருந்து சித்தே பெர்லியே தெருக்களில் நடந்தால் போதும். நூறு ஆண்டு பழைய வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. தோட்டத்தில் காய்கறி, கொடியில் துணி, வாசலில் குழந்தைகளின் சைக்கிள். அந்த வீட்டுக்காரர்களில் யாருக்கும் இப்போது முதலாளி வேறு, வீட்டுக்காரர் வேறு. வேலை போனாலும் வீடு போகாது. தெருவின் பெயரில் மட்டும் பெர்லியே இருக்கிறார். சாவி, குடியிருப்பவர்களின் கையில் இருக்கிறது.